ஓரத்தைப் பார்க்கிற அக்கா

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவருடைய முகம் இல்லை, மவுஸ் சக்கரத்தை உருட்டுகிற அவருடைய ஆள்காட்டி விரல்தான். யாருடைய போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த விரல் உருட்ட ஆரம்பித்துவிடும். முகம் பெரிதாகும், இன்னும் பெரிதாகும், கடைசியில் மூக்கு மட்டும் திரை முழுக்க நிற்கும். அப்புறம் மூக்கை விட்டுவிட்டுக் காதுக்குப் போவார். காதிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து படத்தின் விளிம்பு. விளிம்புக்கு வந்ததும் விரல் நின்றுவிடும்.

"மூஞ்சிய எல்லாருந்தான் பாக்கறாங்க. நீ ஓரத்தப் பாரு" என்பார்.

நான் எதிர்வரிசை மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போய்விடுவேன். என்னைவிட எட்டொன்பது வயது மூத்தவர். கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று வரிசையாக எழுதி, கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதால் திருமண பயோடேட்டா என்று சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரிதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பெண்ணுக்கு பயோடேட்டா அடிக்க வந்தவர்கள், தங்களுக்கு வந்த மாப்பிள்ளை போட்டோவையும் போனில் காட்டி, "நீ கொஞ்சம் பாரும்மா" என்று குரலைத் தாழ்த்திக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அவர் பார்ப்பார். விரலில் மோதிரம் கழற்றிய தடம் இருக்கிறதா, தோளில் இன்னொருவர் கை இருந்து வெட்டப்பட்டிருக்கிறதா, கோட்டு மாப்பிள்ளையுடையதா அல்லது ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டதா, எல்லாவற்றையும் பார்ப்பார். மாவட்டத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. படத்தில் பைக் இருந்தால் அதன் பக்கக் கண்ணாடியைப் பெரிதாக்குவார், எவர்சில்வர் பாத்திரம் இருந்தால் அதன் வயிற்றைப் பெரிதாக்குவார். போட்டோ எடுத்தவர் அதில் தெரிவார் என்பது அவருடைய நம்பிக்கை. ஒருமுறை உண்மையிலேயே ஒரு குடத்தில் நைட்டி போட்ட பெண் ஒருத்தி தெரிந்தாள். "தங்கச்சியா இருக்கும்" என்றேன் நான். "இருக்கும். கேக்கச் சொல்லு" என்றார்.

அந்தக் 'கேக்கச் சொல்லு' அவருடைய வாயில் எப்போதும் இருக்கும். இப்படித்தான் என்று எதையும் அடித்துச் சொன்னதில்லை. சந்தேகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வாங்கிக்கொண்டு போனவர் பாடு.

போட்டோவோடு அவர் சந்தேகம் நிற்கவில்லை. டீ வந்தால் முதலில் மோந்து பார்ப்பார். கூரியர் பார்சலைக் குலுக்கிப் பார்ப்பார். கம்ப்யூட்டர் கேமரா மேல் என்னிடம் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார், அது காய்ந்து உரிய உரிய நான் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஆயுத பூஜை அன்று சந்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தால், பொரி எடுக்கப் போகிறேன் என்று ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய்விடுவார். ஊர் முகத்தையெல்லாம் உருட்டி உருட்டிப் பார்த்தவருடைய முகம் ஒரு படத்திலும் இல்லை.

எனக்கும் அவர்மேல் சந்தேகம் உண்டு. கழுத்தில் ஒரு சங்கிலி ரவிக்கைக்குள் போகும், அதன் முனையில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. காலில் மெட்டி கிடையாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று டீக்கடையில் ஒரு பேச்சு, வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேறு வீடு இருந்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது என்று பூக்கடையில் ஒரு பேச்சு. அவருடைய கம்மல், செருப்பு, சாப்பாட்டு டப்பாவின் மேல் வெட்டியிருந்த பெயரெழுத்து வரைக்கும் கவனித்தேன். ஆனால் வாயைத் திறந்து ஒருநாளும் கேட்டதில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்கு பேனர் அடிக்க ஒருவர் வந்தார், ஏதோ ஆபீசில் ரிடையர் ஆனவர். சின்ன வயதுப் படம் என்று ஒன்றைப் போனில் காட்டி, இதைப் பழைய போட்டோ மாதிரி பிரவுன் ஆக்கி, இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்றார். விரல் உருண்டது. ஓரத்தில் ஒரு வெள்ளை ஒயர் தொங்கியது, சட்டைப் பையிலிருந்து வந்த இயர்போன் ஒயர். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது உங்க பையன் போட்டோ. அவரு ஒத்துக்கினாரா?" என்று கேட்டார்.

மனிதர் சிரித்துச் சமாளித்தார். சின்ன வயதில் தனக்குப் போட்டோவே எடுக்கவில்லை என்றும், மகன் தன்னை உரித்து வைத்த மாதிரி இருப்பதாகவும் சொன்னார். அக்கா விடவில்லை. மகனுக்குப் போன் போடச் சொல்லி, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் வேலையை எடுத்தார். ஆனாலும் ஒயரை அழிக்காமல் விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்டதற்கு, அழிக்கச் சொல்லவில்லையே என்றார். பேனர் நான்கு நாள் எங்கள் சந்து முனையில் தொங்கியது. அதில் வாலிப வயது அப்பா பழுப்பு நிறத்தில் இயர்போன் ஒயரோடு நின்றார்.

பிரவுன் ஆக்குவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டன் உண்டு. செபியா என்று இருக்கும், அமுக்கினால் ஒரு நொடி வேலை. அக்கா அதை அமுக்கமாட்டார். அமுக்கினால் ஆள் டீயில் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிடுகிறான் என்பார். முதலில் எல்லா நிறத்தையும் உருவி எடுப்பார், படம் கறுப்பு வெள்ளையில் நிற்கும். அப்புறம் நிழல் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பை ஏற்றுவார். கண்ணின் வெள்ளையைத் தொடவே மாட்டார். அதனால் அவர் செய்த பழுப்புப் படங்களில் எல்லாரும் நம்மையே பார்ப்பது போலிருக்கும்.

இந்தப் பழுப்பை அவர் கல்யாணப் பெண்களுக்கும் கொடுத்தார். பெண்ணின் அம்மா குனிந்து, "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா" என்று காதோடு சொல்வாள். அக்கா ஏற்றமாட்டார். அதற்குப் பதிலாக எல்லாக் கலரையும் எடுத்துவிட்டு பிரவுன் பண்ணித் தருகிறேன் என்பார். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்.

"ஏத்திக் குடுத்தா பொய் சொன்ன மாதிரி. பிரவுன் பண்ணா சொல்லாம வுட்ட மாதிரி. சொல்லாம வுட்டத அவங்க கேட்டுத் தெரிஞ்சிக்கினு போவட்டும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்பான பெண்களின் அம்மாக்கள் பழுப்பு கேட்பார்களா? அவர்கள் கலரிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷத்தில், அந்தக் கடையிலிருந்து பழுப்புப் படம் வந்தால் பெண் கறுப்பு என்று விழுப்புரம் முழுக்கத் தெரிந்துபோனது.

எனக்கு இருபத்தொன்பது ஆனபோது அம்மா என்னையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். அப்பா இல்லாத வீடு, அவசரம் முழுக்க அம்மாவுடையது. அக்காவே படம் எடுத்தார். எடுத்துவிட்டு என் மூக்கு, காது, கழுத்து என்று எனக்கு எதிரிலேயே உருட்டிப் பார்த்தார். தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவள் என்கிற தயவெல்லாம் இல்லை. கடைசியில், "உங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான் என்பது தெரிந்தும் எனக்குச் சுருக்கென்றது. அம்மா வழக்கம்போல் குனிந்து காதோடு சொன்னாள். அக்கா வழக்கம்போல் பழுப்பாக்கினார். கலரிலேயே இருக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படம் அழகாக வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் படம் தரகர் போனில் ஏறிச் சுற்றப் போனது. ஒரு மாதத்தில் ஒரு வரன் வந்தது. மயிலம் பக்கம் ஊர், அங்கே ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட், வீட்டில் கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பயிர். அப்பா இல்லை, அம்மா மட்டும். ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருந்தியது. பயோடேட்டாவில் அவருடைய போன் எண்ணே இருந்தது, சந்தேகம் ஏதும் இருந்தால் நேரடியாகப் பேசலாம் என்று ஒரு வரியோடு. அந்த வரி எனக்குப் பிடித்தது. சிரித்த முகம், அதைவிடப் பிடித்தது. அம்மாவுக்குக் காட்டுவதற்கு முன்பே நான் அதை ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். இதை ஒளிக்க ஒன்றுமில்லை, அந்த முகத்தோடு காலம் தள்ளலாம் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. அவருடைய படமும் பழுப்பாக இருந்தது.

பெண்ணின் படம் ஏன் பழுப்பு என்று எனக்குத் தெரியும். ஆணின் படம் ஏன் பழுப்பாக வேண்டும்? ஆணின் நிறத்தை எந்த ஊரில் கேட்கிறார்கள்? நிறத்தை மறைக்க இல்லையென்றால் வேறு எதையோ மறைக்கத்தான். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு, போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். "பட்டன் வேல" என்றார் முதலில். கண்ணின் வெள்ளையும் பழுப்பாக இருந்தது. மூக்கு, காது, கழுத்து. சட்டையின் இரண்டு தோளிலும் துணி கசங்கியிருந்தது. "மால போட்டுக் கழட்டன கசங்கல்" என்றார். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஓரத்தில் ஒரு வாழைமரத்தின் தண்டு. இடது தோளில் யாரோ வைத்த கையின் நான்கு விரல் நுனி, மீதி வெட்டப்பட்டிருந்தது. கை கட்டி நின்றதால் வலது மணிக்கட்டு தெரிந்தது. அதில் கயிறு, கயிற்றில் ஒரு முடிச்சு. விரல் உருண்டது. முடிச்சு பெரிதாகி, குட்டையான ஏதோ ஒன்றைக் கட்டியிருப்பது போலானது.

"இது மஞ்சக் கெழங்கு. காப்பு கட்டிக்கினு இருக்காரு" என்றார் அக்கா.

மாலை, வாழைமரம், தோளில் ஒரு கை, கையில் காப்பு. கலரில் இருந்திருந்தால் மஞ்சள் பளிச்சென்று தெரிந்திருக்கும். அதனால்தான் பழுப்பு. ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. அதை முதலில் சொன்னது அவரா, நானா என்று இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நம்பர் குடுத்துருக்காரு இல்ல, கேட்டுப் பாரு."

நான் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதை எப்படி நம்புவது என்றும் நினைத்தேன். ஒரு பெண் போன் போட்டு உங்களுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா என்று எப்படிக் கேட்பாள் என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். தரகரிடம் ஜாதகம் சரியில்லை என்று சொல்லச் சொன்னேன். எட்டுப் பொருத்தம் இருக்கிறதே என்று அவர் இழுத்தார். பொருந்தாத இரண்டுதான் எங்களுக்கு முக்கியம் என்றேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தச் சந்தின் ஒரு வரிசையை இடித்தார்கள். எங்கள் வரிசை தப்பித்தது, அக்காவின் வரிசை போனது. திண்டிவனத்தில் ஒரு கலர் லேபில் வேலை என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கொடுத்த பிளாஸ்திரி அதன் மேல் அப்படியே இருந்தது.

எனக்கு வேறு வரன்கள் வந்தன. ஒவ்வொரு படத்தையும் நானே உருட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று ஓரத்தில் இருந்தது.

நான்கு வருஷம் கழித்து, அம்மாவுக்கு வேண்டுதல் என்று பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் மலைக்குப் போனோம். அடிவாரத்திலேயே கூட்டம் நெருக்கியது. காவடி எடுத்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றோம். வருகிறவர்கள் எல்லாரும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் சட்டை, முகம் முழுக்க அப்பிய மஞ்சள். வேண்டுதல் முடித்துத் திரும்பியவர்கள் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள், சட்டையின் இரண்டு தோளும் கசங்கியிருந்தது. கம்பத்துக்குக் கம்பம் வாழைமரம். எனக்கு நேர் எதிரே ஒரு பையன் கை கட்டி நின்று போட்டோவுக்குச் சிரித்தான். அவன் மணிக்கட்டில் கயிறு, கயிற்றில் மஞ்சள் கிழங்கு.

நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று நினைத்து அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சாமிக்குக் காப்பு கட்டுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவள் நான். எங்கள் தெருவிலேயே வருஷா வருஷம் கட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்று அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

கூட்டேரிப்பட்டுக்கு வந்து அம்மாவை விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் எதிர்ப்பக்கம் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்தேன். அந்த லேபைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அக்கா உள்ளறையில் இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். என் நெற்றி விபூதியைப் பார்த்தார், கையிலிருந்த பிரசாதப் பையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "மயிலம் போய்ட்டு வர்றியா" என்றார்.

அது கல்யாணக் காப்பு இல்லை, காவடிக்குக் கட்டிய காப்பு என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நீங்கள் உருட்டிப் பார்த்ததால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்றும் சொன்னேன்.

"நான் கேட்டுப் பாருன்னுதான சொன்னேன்" என்றார். கோபமாக இல்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். தேடிக்கொண்டே சொன்னார், "அந்தத் தம்பி வந்துச்சி. நீ வேணாம்னு சொன்ன மறுவாரம். உன் பயோடேட்டாவுல என் கட நம்பர் இருந்தது இல்ல, அதப் பாத்துக்கினு வந்துச்சி. எட்டுப் பொருத்தம் இருக்குது, என் போட்டோவுல இன்னா தப்புன்னு கேட்டுச்சி."

படத்தைத் திறந்தார். அந்த மயிலத்துக்காரர் அன்று போனில் காட்டியதை அக்கா வாங்கி வைத்திருக்கிறார். கலர் படம், வெட்டாத முழுப் படம்.

முகம் முழுக்க மஞ்சள். சட்டை மஞ்சள், கழுத்து மஞ்சள், சிரிப்பில் தெரிந்த பல் மட்டும் வெள்ளை. போட்டோவுக்குக் கை கட்டி நின்றால் அவருக்குச் சிரிப்பே வராதாம். அன்றைக்கு மட்டும் வந்ததாம். மஞ்சள் முகத்தோடு பெண் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று அவர்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்தான் பழுப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். நான் ஓரத்தைப் பார்த்தேன். தோளில் இருந்த நான்கு விரலுக்குப் பின்னால் முழுக் கையும், கைக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாவும் இருந்தார். உள்ளங்கை மஞ்சளை மகன் சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏன் அன்றே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பேனே என்றேன்.

"சொல்லட்டுமான்னு அந்தத் தம்பியக் கேட்டேன். வேணாங்க்கா, சந்தேகத்துல ஆரம்பிக்கிற வூட்டுக்கு நான் வர்லன்னு சொல்லிட்டுப் போச்சி. இத உங்கிட்ட வந்து எப்புடிச் சொல்றது?"

வெளியே யாரோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வந்தார்கள். அக்கா எழுந்து போனார். நான் அவருடைய சங்கிலியைப் பார்த்தேன். அது இன்னமும் ரவிக்கைக்குள்தான் போனது. இன்றைக்காவது கேட்கலாம் என்று நினைத்துவிட்டுக் கேட்காமலே கிளம்பினேன். அந்தப் படத்தை உன் போனுக்கு அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. அக்கா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். மயிலத்துக்காரர் வந்தது உண்மை, படம் இருக்கிறது. ஆனால் வரமாட்டேன் என்று உண்மையிலேயே சொன்னாரா? அல்லது தன் விரல் கெடுத்த கல்யாணத்துக்கு அக்கா தானே ஒரு முடிவு எழுதிக்கொண்டாரா? ஒருவேளை அவர் சொல்லச் சொல்லியிருந்து, அக்கா சொல்லாமல் விட்டிருந்தால்? சொல்லாமல் விடுவது அக்காவுக்குப் பொய் கிடையாதே.

போனை எடுத்தேன். மயிலத்துக்காரருடைய எண்ணை நான் அழிக்கவே இல்லை. வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை, ஒரு வேப்பமரமும் அதன் கீழே நிறுத்திய ஒரு பைக்கும்தான். கூப்பிட்டுக் கேட்டால் ஒரே நிமிஷத்தில் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெரிதாக்கினேன். பைக்கின் பக்கக் கண்ணாடியில் யாராவது தெரிகிறார்களா என்று விக்கிரவாண்டி வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.